எந்த வெலிங்டன்?

“பிள்ளைக்கு வெலிங்டனில் உத்தியோகம்” என்று கல்யாணத் தரகர் வந்து சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணைப் பெற்றவள் எந்த ஊரை நினைத்துக்கொள்வாள்?

நீலகிரியில் உறவுக்காரர்கள் உள்ளவளானால், குன்னூருக்கு அடுத்த மலை ரயில் ஸ்டேஷன் ஞாபகம் வரும். ‘மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர் போலிருக்கிறது, பெண்ணுக்கு இரண்டு கம்பளிச் சால்வை வாங்கவேண்டும்’ என்று மனசுக்குள் கணக்குப் போடுவாள். திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்துக்காரியானால், “ஏரியிலா? அப்படியானால் பொதுப்பணித் துறை எஞ்சினீயரோ?” என்பாள். பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பிப் பழகிய குடும்பமானால் நியூஸிலாந்து தேசத்தின் தலைநகரம்தான் முதலில் தோன்றும். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பவேண்டுமே என்ற கவலையும் கூடவே தோன்றும்.

இதே தரகர் அடுத்த வீட்டுக்குப் போய், “பெண் வெலிங்டனில் படித்தவள்” என்று சொன்னாலோ, சென்னைவாசிகளுக்கு அர்த்தமே வேறு. பெண் வாத்தியார் பரீட்சை தேறியவள், கடற்கரைச் சாலையில் உள்ள பயிற்சிக் கல்லூரியில் படித்தவள் என்று புரிந்துகொள்வார்கள். பழைய சினிமா ரசிகரான தாத்தா மட்டும், “மவுண்ட் ரோடில் வெலிங்டன் என்று ஒரு கொட்டகை இருந்ததே!” என்று திண்ணையிலிருந்து குரல் கொடுப்பார். அந்தத் தியேட்டர் இன்று இல்லை.

ஒரு மலை, ஒரு ஏரி, ஒரு தலைநகரம், ஒரு கல்லூரி, ஒரு கொட்டகை. எல்லாவற்றுக்கும் பெயர் வெலிங்டன். அத்தனைக்கும் காரணம் ஒரே மனிதர்தானா என்று கேட்டால், இல்லை. இரண்டு மனிதர்கள். அவர்களுக்கு நடுவே நூறு வருஷ இடைவெளி. அது மட்டுமல்ல, இந்த ஐந்தில் ஒன்றில் இருப்பது ஒரு ஸ்திரீயின் பெயர் என்பதை அநேகமாக எல்லோருமே மறந்துவிட்டோம்.

இரண்டு பிரபுக்கள்

முதலாமவர், 1815-ல் வாட்டர்லூ போர்க்களத்தில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லஸ்லி. வெல்லிங்டன் கோமகன் என்று சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் யுத்தம் பழகியது நம் நாட்டில். 1799-ல் திப்பு சுல்தான் மடிந்த ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் அவர் இருந்தார். 1803-ல் அஸ்ஸேயி என்ற இடத்தில் மராட்டியர்களை வென்றார். 1805-ல் கப்பலேறி ஊர் திரும்பினார்.

இரண்டாமவர் வில்லிங்டன் பிரபு. 1913-லிருந்து 1918 வரை பம்பாய் கவர்னர், 1919-லிருந்து 1924 வரை சென்னை கவர்னர், பிறகு கனடாவுக்குக் கவர்னர் ஜெனரல், 1931-லிருந்து 1936 வரை இந்தியாவுக்கே வைஸ்ராய். இளமையில் நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரர். 1932 ஜனவரியில் காந்திஜியைச் சிறைக்கு அனுப்பிய வைஸ்ராயும் இவர்தான். இவருடைய சொந்தப் பெயர் ஃப்ரீமன் ஃப்ரீமன்-தாமஸ். பெயரிலும் ஃப்ரீமன், குடும்பப் பெயரிலும் ஃப்ரீமன்!

பிறகு ‘வெல்லிங்டன்’, ‘வில்லிங்டன்’ எல்லாம் எங்கிருந்து வந்தன? இங்கிலீஷ் பிரபுக்கள் பட்டம் வாங்கும்போது பெரும்பாலும் ஓர் ஊரின் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். நம் பக்கத்தில் சிவகங்கை ராஜா, எட்டயபுரம் ராஜா என்று சொல்வதில்லையா, அதைப்போல. வெல்லிங்டன் என்பது சாமர்செட் பிரதேசத்தில் ஒரு சிறு நகரம். வில்லிங்டன் என்பது ஸஸெக்ஸ் கடற்கரையை ஒட்டிய ஒரு கிராமம். ஜார்ஜ் ஆர்வெல் 1945-ல் வெளியிட்ட ‘விலங்குப் பண்ணை’ கதை நடப்பதும் இந்த வில்லிங்டனில்தான்.

முதலாமவர் பட்டம் பெற்ற கதை வேடிக்கையானது. 1809-ல் அவருக்குப் பிரபு பட்டம் கொடுப்பதாக முடிவாயிற்று. அவரோ அப்போது ஸ்பெயின் தேசத்தில் சண்டையில் இருந்தார். என்ன பெயர் வேண்டும் என்று கேட்டுப் பதில் வரவழைக்க அவகாசம் இல்லை. லண்டனிலிருந்த அண்ணன் வில்லியம் தாமே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார். வெல்லஸ்லி என்ற குடும்பப் பெயரோடு ஓசை ஒத்து வருகிறது, குடும்பத்துக்குச் சம்பந்தமுள்ள பிரதேசத்திலும் இருக்கிறது என்று வெல்லிங்டனைப் பிடித்தார்.

அந்த வெல்லஸ்லியும் பழைய பெயர் அல்ல. அதற்கு முன் அவர்கள் வெஸ்லி குடும்பத்தார். 1798-ல்தான் வெல்லஸ்லி என்று நீட்டிக்கொண்டார்கள். மூத்த அண்ணன் ரிச்சர்ட் வெல்லஸ்லி அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரல். மலேயாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் வெல்லஸ்லி மாகாணம் என்று இருந்ததே, நம் தமிழ் ஜனங்கள் கரும்புத் தோட்டத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் பாடுபட்ட பூமி, அது இந்த அண்ணனின் பெயர். இன்றைக்கு அதைச் செபராங் பிறை என்கிறார்கள்.

அவர் ஏறாத மலை

குன்னூருக்கு அடுத்த வெலிங்டனுக்கு வருவோம். கோமகன் அங்கே தங்கினாரா? குதிரை ஏறிப் போனாரா? போயிருக்கவே முடியாது. அவர் இந்தியாவை விட்டது 1805-ல். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஏறி, வெள்ளைக்காரர்கள் வசிக்க ஏற்ற இடம் என்று கண்டுகொண்டது 1819-ல்.

அந்த இடத்துக்குப் படகர் மக்களின் கிராமமான ஜெகதளாவை வைத்துத்தான் பெயர் வழங்கிவந்தது. 1852-ல் சோல்ஜர்களுக்காகப் பாரக்ஸ் கட்டத் தொடங்கியபோதும் ஜக்கதளா என்றே எழுதினார்கள். அந்த வருஷந்தான் கோமகன் இங்கிலாந்தில் காலமானார். சார்லஸ் ட்ரெவெல்யன் சென்னை கவர்னராயிருந்தபோது, 1860-ல், பட்டாள முகாமுக்கு வெலிங்டன் என்று பெயர் மாறியது.

அதற்கு இருபது வருஷம் முன்னதாக, 1840-ல், பூமியின் மறு கோடியில் நியூஸிலாந்தில் குடியேறிய வெள்ளைக்காரர்களும் தங்கள் ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். குடியேற்றத்துக்கு அவர் ஆதரவு தந்தார் என்று நன்றிக்கடன். 1865-ல் அது தலைநகரமாயிற்று. அங்கும் மவோரி மக்கள் வைத்த பழம் பெயர் ஒன்று உண்டு. இப்போது அதையும் சேர்த்து வழங்குகிறார்கள். அந்த ஊரையும் கோமகன் கண்ணால் பார்த்ததில்லை.

நம் ஜெகதளாவும் அழிந்துவிடவில்லை. பக்கத்திலேயே ஒரு பேரூராட்சியாக, சொந்தப் பெயரோடு இருக்கிறது. வெலிங்டனிலோ 1947 முதல் முப்படை அதிகாரிகளின் ஸ்டாஃப் காலேஜ் நடக்கிறது. சென்னை ரெஜிமெண்டின் தலைமையிடமும் அங்கேதான். 2008-ல் ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷா கண்ணை மூடியது அந்த ஊர் ராணுவ ஆஸ்பத்திரியில். இத்தனை நடந்த பிறகு, அந்த ஊரில் வெலிங்டன் என்றால் வாட்டர்லூ யாருக்கு ஞாபகம் வருகிறது? நம் ஜவான்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

காது கேட்ட பெயர்

வெல்லிங்டனும் வில்லிங்டனும் ஒன்றாகக் குழம்பியது எப்படி என்று பார்க்குமுன், பெயர்கள் காதில் விழுந்து மாறுகிற விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அதற்குத் தென்னாற்காடு ஜில்லா என்று முன்பு இருந்ததே, அதன் கிழக்குக் கோடிக்குப் போகவேண்டும். இன்று அது விழுப்புரம் மாவட்டம்.

திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்கப் போகும் பக்கத்தில், பெருமுக்கல் என்று ஒரு பாறைக் குன்று இருக்கிறது. மேலே சோழர் காலத்துச் சிவன் கோயில். சீதை தங்கிய குகை என்று ஜனங்கள் காட்டும் இடமும் உண்டு. அங்கே மிகப் பழைய காலத்துப் பாறைக் கீறல்களைக் காணலாம். 1760-ல் ஜெனரல் அயர் கூட், அப்போது கர்னல், வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களை முறியடித்துவிட்டுப் புதுச்சேரியை நோக்கி நகர்ந்தார். வழியில் இந்தக் குன்றின் கோட்டையையும் பிடித்தார்.

அந்தக் காலத்து இங்கிலீஷ் சரித்திரப் புத்தகங்களில் பெருமுக்கல்லைத் தேடினால் கிடைக்காது. ‘பெர்மாகாயில்’ என்று இருக்கும். படித்தால் ஏதோ பெருமாள் கோயில் என்று தோன்றும். மேலே இருப்பதோ சிவபெருமான்! தூத்துக்குடியை டூட்டிகொரின் ஆக்கியவர்கள், தரங்கம்பாடியை டிராங்குபார் ஆக்கியவர்கள் நம் பெயர்களைப் படுத்திய பாட்டுக்கு இதுவும் ஓர் உதாரணம். ஆனால் பெர்மாகாயில் புத்தகத்தோடு நின்றுவிட்டது. அடிவாரத்து ஜனங்கள் கடைசிவரை பெருமுக்கல் என்றே சொல்லிவந்தார்கள். இன்றும் அதுதான் பெயர்.

அவர்கள் காது நம் பெயரை மாற்றியது என்றால், நம் காது அவர்கள் பெயரைச் சும்மா விடுமா? அதே தென்னாற்காட்டின் மேற்குக் கோடியில் பழி தீர்த்துக்கொண்டோம்.

ஏரி யாருடையது?

இன்றைய கடலூர் மாவட்டத்தில் திட்டக்குடிக்கு அருகே, கீழச்செருவாய் என்ற கிராமத்தில் ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. வெள்ளாற்றின் வெள்ளத்தைத் தொழுதூர் அணைக்கட்டில் திருப்பி, கால்வாய் வழியே கொண்டுவந்து தேக்குகிறார்கள். முழு ஆழம் 29.72 அடி. கொள்ளளவு 2,580 மில்லியன் கன அடி. திட்டக்குடி, விருத்தாசலம் வட்டாரங்களில் 24,000 ஏக்கருக்கு மேல் பாசனம். கட்ட ஆரம்பித்தது 1913-ல்; முடிந்தது 1923-ல்.

முடியும்போது சென்னை கவர்னர் யார்? வில்லிங்டன் பிரபு. அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பழைய சர்க்கார் தஸ்தாவேஜுகளில் வில்லிங்டன் நீர்த்தேக்கம் என்றே இருக்கிறது. ஜனங்கள் வாயிலோ அது வெலிங்டன் ஏரி ஆகிவிட்டது. பிறகு அதிகாரிகளும் அப்படியே எழுதத் தொடங்கினார்கள். இன்று இங்கிலீஷில் எழுதும்போதுகூட வாட்டர்லூ கோமகனின் எழுத்துக்கள்தான் விழுகின்றன.

காரணம் இல்லாமலில்லை. இங்கிலீஷில் இரண்டு பெயர்களுக்கும் இரண்டே எழுத்துத்தான் வித்தியாசம். முதல் எழுத்தை ஒட்டி வரும் உயிரொலி ஒன்றில் ‘எ’, மற்றதில் ‘இ’. பின்னால் வரும் ‘ட’ ஒன்றில் வல்லென்று ஒலிக்கும், மற்றதில் மெல்லென்று ஒலிக்கும். தமிழில் இந்த இரண்டு ‘ட’வுக்கும் ஒரே எழுத்துத்தான். ஆகவே அந்த வித்தியாசம் எழுதும்போதே போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரு கொம்பும் ஒரு சுழியும்: வெ, வி. அதை நாக்கு விழுங்கிவிட்டது.

பலன் என்ன தெரியுமா? கேரளத்தில் கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி ஒரு தீவையே உண்டாக்கினார்கள். அந்த வேலையைச் செய்தவர் ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்சினீயர். தீவுக்கு வில்லிங்டன் தீவு என்று பெயர். அதையும் நாம் வெலிங்டன் தீவு என்றே சொல்கிறோம். ஒருவர் பெயரில் வைத்த ஏரியும் தீவும் இன்னொருவர் கணக்கில் வரவாகிவிட்டன!

ஒன்று மட்டும் நினைத்துப் பார்க்கவேண்டியது. மண் சுமந்து கரை எழுப்பியவர்கள் அந்த வட்டாரத்து ஆண்களும் பெண்களும். அவர்களில் ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. எந்தப் பிரபுவின் பெயர் என்பதில் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு என்ன அக்கறை இருக்க முடியும்? மதகு திறந்து தண்ணீர் விடும் நாள் எது என்பதில்தான் அக்கறை. கதிர் விளைந்தால் அது வெலிங்டன் தண்ணீர், அவ்வளவுதான்.

வேண்டாம் என்று சொன்ன ஊர்கள்

எல்லா இடத்திலும் ஜனங்கள் இப்படி இயல்பாக ஏற்றுக்கொண்டதாகவும் சொல்ல முடியாது. 1918 டிசம்பரில் வில்லிங்டன் பிரபு பம்பாயை விட்டுப் புறப்படும் சமயம், அவருக்கு ஞாபகச் சின்னம் எழுப்புவதாக ஒரு கூட்டம் போட்டார்கள். ஜின்னாவும் அவர் இளம் மனைவி ரத்தன்பாயும் பெருந்திரளோடு போய்த் தடுத்தார்கள். போலீஸார் கூட்டத்தைக் கலைத்தார்கள். பிறகு ஊர் ஜனங்கள் தலைக்கு ஒரு ரூபாய் போட்டு, ஞாபக மண்டபம் ஒன்று கட்டினார்கள். வில்லிங்டனுக்கு அல்ல, அவர் பெயரைத் தடுத்த ஜின்னாவுக்கு!

டில்லியிலும் பெயர்கள் நிற்கவில்லை. வில்லிங்டன் ஆஸ்பத்திரி இன்று ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரி. வில்லிங்டன் விமான நிலையம் சப்தர்ஜங் ஆயிற்று. 1936-ல் திறந்த லேடி வில்லிங்டன் பூங்காவுக்கு 1947-ல் லோடி தோட்டம் என்று பெயர் சூட்டினார்கள். மகன் வழியில் வாரிசு இல்லாமல், வில்லிங்டன் பிரபு என்ற பட்டமே 1979-ல் அற்றுப்போயிற்று. வெல்லிங்டன் கோமகன் பட்டம் மட்டும் இன்னும் தொடர்கிறது.

சீமாட்டியின் பெயர் என்ன?

லேடி வில்லிங்டன் என்றேனே, அவரிடந்தான் வந்து சேரவேண்டும். சென்னைக் கடற்கரைச் சாலைக் கல்லூரியின் பெயரில் இருப்பது பிரபு அல்ல, அவருடைய மனைவி. 1922-ல் பெண் ஆசிரியர்களைத் தயாரிக்க அந்தப் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டது. பால விதவைகளுக்கு இல்லம் நடத்தி அவர்களைப் படிக்கவைத்த சகோதரி சுப்புலட்சுமி அங்கேயும் தொண்டாற்றினார். பொட்டிழந்து மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் கையில் சாக்குக் கட்டியோடு வகுப்பில் நின்றதற்கு அந்தக் கட்டடமும் ஒரு காரணம். “நான் லேடி வெலிங்டன்” என்று சொல்லிக்கொள்ளும் டீச்சர்களின் குரலில் ஒரு மிடுக்கு இருக்கும், கேட்டிருப்பீர்கள்.

ஆனால் அந்த லேடி யார்? அவர் பெயர் மேரி அடிலெய்ட். பிறந்தது 1875-ல். அவருடைய தாயார் அன்னா பிராஸி ஓர் அபூர்வமான ஸ்திரீ. 1876, 1877-ல் ‘சன்பீம்’ என்ற பாய்க்கப்பலில், கணவரோடு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு உலகத்தைச் சுற்றி வந்தார். அந்தப் பிரயாணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அமோகமாக விற்பனையாயிற்று. கைக்குழந்தையாக அந்தக் கப்பலில் போனவள்தான் மேரி. அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, 1887-ல், தாயார் இன்னொரு பிரயாணத்தில் நடுக்கடலிலேயே இறந்துபோனார்.

மேரிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஜெரார்ட் முதல் உலக யுத்தம் ஆரம்பித்த சில வாரங்களுக்குள், 1914 செப்டம்பரில், போர்க்களத்தில் மாண்டான். அந்தத் துக்கத்தோடுதான் அவர் பம்பாயிலும் சென்னையிலும் கவர்னர் மாளிகையில் விருந்தினர்களை வரவேற்றார். இளம் ஊதா நிறத்தில் அவருக்கு அப்படி ஒரு மோகம். டில்லி வைஸ்ராய் மாளிகையில் தம் இஷ்டப்படி அவர் செய்த அலங்காரங்களைக் கண்டு, அதைக் கட்டிய லட்யன்ஸ் துரை முகம் சுளித்தார். 1960-ல் காலமானார்.

இத்தனை கதை உள்ள ஒரு பெண்மணியின் சொந்தப் பெயர் அந்தக் கல்லூரி வாசற்பலகையில் இல்லை. இருப்பது கணவரின் பட்டம். அந்தப் பட்டமோ ஒரு கிராமத்தின் பெயர். அதையும் நாம் சரியாகச் சொல்லவில்லை!

சிரிக்க வேண்டாம், சகோதரிகளே. இது சீமையில் மட்டும் நடப்பதா? நம் வீட்டில் ‘தஞ்சாவூர்ப் பாட்டி’ என்றும் ‘கும்பகோணத்து அத்தை’ என்றும் சொல்கிறோமே, அதற்கும் ‘லேடி வில்லிங்டன்’ என்பதற்கும் என்ன வித்தியாசம்? தஞ்சாவூர், பாட்டி பிறந்த ஊராகக்கூட இராது. தாத்தாவுக்கு அங்கே உத்தியோகம், அவ்வளவுதான். ஒரே குடும்பத்தில் இரண்டு தஞ்சாவூர்ப் பாட்டிகள் இருந்தால் ‘பெரிய’, ‘சின்ன’ என்று அடைமொழி சேர்ப்போமே தவிரப் பெயரைச் சொல்லமாட்டோம். மூன்றாவது தலைமுறையில் குழந்தைகள் கேட்டால், “பெயரா? தெரியாதே, பாட்டி என்றுதான் கூப்பிடுவோம்” என்கிறோம்.

பெருமுக்கல் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது எதனால்? அடிவாரத்து ஜனங்கள் தினந்தோறும் சொல்லிக்கொண்டிருந்ததால். ஜெகதளா பிழைத்ததும் அப்படியே. சொல்லாத பெயர் போய்விடும். சொல்கிற பெயர் தவறாக இருந்தாலும் நின்றுவிடும். வெலிங்டன் ஏரியைப் பழையபடி வில்லிங்டன் ஆக்கவேண்டும் என்று யாரும் விண்ணப்பம் போடவேண்டியதில்லை. பிரபுக்கள் இருவருக்கும் போதிய புத்தகங்கள் இருக்கின்றன.

நம் வீட்டுப் பெண்களுக்குத்தான் புத்தகம் இல்லை. கூடத்துச் சுவரில் தொங்குகிற பழைய குரூப் போட்டோவை ஒரு நாள் கீழே இறக்குங்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். யார் தஞ்சாவூர்ப் பாட்டி, அவள் பெயர் என்ன, பிறந்த ஊர் எது என்று ஒவ்வொன்றாகப் போட்டோவின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். பென்சிலால் எழுதினாலும் போதும்; நூறு வருஷம் நிற்கும்.